வடக்கு நின்றுபோனது

ஐஸ் ஃபேக்டரியின் கம்ப்ரசரை அவன் தன் கையாலேயே நிறுத்தினான். வேறு யாராவது நிறுத்தியிருந்தால் பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. ஆபரேட்டர் அவன்தான். வேலைநிறுத்தம் என்று முடிவானதும், "மாப்ளே, நீயே போய் நிறுத்து, உன் கையால நிக்கட்டும்" என்று சங்கத் தலைவர் சொன்னார். தலைவர் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மச்சான் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெஷின் ரூமுக்குள் போனான், வால்வுகளை அடைத்தான், சுவிட்சை இறக்கினான். வெளியே வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

காரணம் சின்னக் காரணம் இல்லை. ஐஸ் தொட்டியில் வேலை செய்த ஒருவர், அம்மோனியா கசிந்ததில் மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தார். ஆளுக்கொரு முகமூடி வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு இவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முதலாளி "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார். பார்த்தார்கள், தொட்டிக்காரர் விழுந்ததைப் பார்த்தார்கள்.

அந்த மெஷின் நின்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பேசிப் பேசியே அங்கிருந்தவர்களுக்கெல்லாம் குரல் தடித்துப்போயிருந்தது. இப்போது மெஷின் நின்றது தெரிந்தும், பழக்கதோஷம், எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். ஒருத்தி அடுப்படியில் நின்று யாருக்கும் சொல்லாதே என்று சொன்ன சங்கதி தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஃபேக்டரி வாசலுக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் இறங்கியபோது, தன் வீட்டுத் தையல் மெஷின் கடகடப்பது அவன் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது இவ்வளவு தூரம் கேட்டதில்லை. மனைவி யாருடைய துணிப்பைக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மைதானத்தின் நடுவில் அவன் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

எட்டு வயசு. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு ஊர்ந்து போவாள், எதிரில் ஆள் வந்தால் நின்று மூஞ்சிக்கு நேராக "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருவாள். அதனால் தெருவில் அவளுக்கு எறும்பு என்று பேர். அந்த எறும்பு இப்போது வெள்ளைக் குச்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை முன்னே வைப்பதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"என்னடா ஆச்சு?" என்று ஓடிப் போய்ப் பிடித்தான்.

"அப்பா, வடக்கு நின்னுபோச்சு" என்றாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, கைதட்டல் வாங்கிக்கொண்டு எதை நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம் என்று.

அவளுக்குத் திசை சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். நாலு வயசில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "ம்ம்ம்னு கேக்குதே, அங்கதான் அப்பா வேலை செய்யறேன். அது வடக்கு. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு. இப்போ முதுகுப் பக்கம் தெற்கு. சோறு சாப்பிடற கை கிழக்கு. இன்னொரு கை மேற்கு" என்றான். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் எந்த மூலையில் நிறுத்திச் சுற்றிவிட்டாலும் தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்பாள், வடக்கைக் காட்டுவாள். வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு இதைச் செய்துகாட்டச் சொல்லி அவன் பீற்றிக்கொண்ட பீற்றலுக்கு அளவில்லை.

மனைவி மட்டும் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தாள். "காலையில எந்தக் கன்னத்துல வெயில் சுடுதோ அது கிழக்குன்னு சொல்லிக் கொடுங்க. சூரியன் எங்கயும் ஓடிடாது" என்றாள்.

"மேகம் போட்டா என்ன பண்ணுவா? மெஷினுக்கு ஏது மேகம்?" என்று அவன் மடக்கினான். மடக்கிவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம் வேறு.

அந்த மைதானம்தான் எல்லாவற்றுக்கும் முடிச்சு. வீடு இருக்கும் சந்து மேற்கிலிருந்து வந்து மைதானத்தில் திறக்கும். சந்து வரைக்கும் கவலையில்லை, சுவரைக் குச்சியால் தட்டிக்கொண்டே வந்துவிடலாம். சுவர் முடிந்த இடத்தில் வெட்டவெளி. அங்கே வலப்பக்கம் திரும்பி, தெற்கே நேராகப் போனால் எதிர்ச் சந்து, அந்தச் சந்தின் முடிவில் பஸ் ஸ்டாப். மைதானத்தில் தொட்டுக்கொண்டு போக ஒரு கல்கூடக் கிடையாது. அவள் மெஷின் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற மாதிரி, கோடு போட்டாற்போல் நடப்பாள். மெஷின் இல்லாவிட்டால் அது வெறும் வெளி.

இதில் விளையாட்டுக்கு இடமில்லாத ஒரு சங்கதி இருந்தது. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடம் பார்வையில்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. ஆனால் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தானாக நடந்து வரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இடம். தெரியாத பிள்ளை, ரயிலில் ஒரு ராத்திரி தள்ளி இருக்கும் விடுதிப் பள்ளிக்குப் போய், இரண்டு வருஷம் தங்கி நடை பழகிவிட்டு வரவேண்டும். எட்டு வயசில், தலை பின்னிக்கொள்ளக்கூடத் தெரியாத பெண், யாரோ ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறவேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்து நடைப்பயிற்சி டீச்சர் வந்து அவள் நடையைப் பார்க்கிற நாள் நாளை மறுநாள்.

அவன் டீச்சருக்குப் போன் போட்டான். மெஷின் நின்றுபோனதை மென்று விழுங்கிச் சொன்னான்.

"மெஷின் சத்தம் இல்லைன்னா நடக்க மாட்டாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"இதுவரைக்கும் அதை வெச்சுதான் டீச்சர்..."

"அப்போ இத்தனை நாளா நடந்தது உங்க பொண்ணு இல்லீங்க, உங்க மெஷின்."

அவனுக்குச் சுரீர் என்றது. ஆனால் டீச்சர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இன்னும் சுட்டது. நாளைத் தள்ளி வைக்கக் கேட்டான். மிச்சமிருப்பது ஒரே இடம், வரிசையில் வேறு பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்றார். "தெரு எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். அவளுக்காகப் புதுசா ரேடியோ கீடியோ எதுவும் கட்டி வைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் கூட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தார். ரேடியோ யோசனை அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

மறுநாள் காலையில் மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். வெயிலை வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று. வானம் அழுக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சூரியன் இருக்கிற சுவடே இல்லை. பெண் இந்தக் கன்னத்தைக் காட்டினாள், அந்தக் கன்னத்தைக் காட்டினாள், இரண்டும் ஒரே மாதிரி சில்லென்று இருக்கிறது என்றாள். மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். 'மெஷினுக்கு ஏது மேகம்' என்று சொன்ன வாய் எங்கே என்று கேட்கிற பார்வை. நல்லவேளை, வாயால் கேட்கவில்லை.

காற்றை வைத்துப் பார்த்தார்கள், காற்று அதன் இஷ்டத்துக்கு அடித்தது. தரையின் சரிவை வைத்துப் பார்த்தார்கள், மழைத்தண்ணீர் ஓடுமே தவிர அந்தச் சரிவு பிள்ளையின் காலுக்குத் தெரியவில்லை. சந்தின் முனையில் நிறுத்தி, "தெற்கே போடா" என்று விட்டால், நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வளைந்து வளைந்து, கிழக்குக் கோடியில் இருக்கும் குழாயடியில் போய் முட்டினாள். ஒவ்வொரு தடவையும் அதே குழாயடி. முழங்காலில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

"இன்னொரு தடவை" என்றான் அவன்.

"வேணாம்பா."

"இன்னொரே ஒரு தடவை. இப்போ வந்துடும்."

"வராதுப்பா. நீ போய் வடக்கப் போட்டுட்டு வா" என்று அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சுவிட்சைப் போடு என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்பா நினைத்தால் வடக்கைப் போடலாம், அணைக்கலாம் என்றுதான் அந்தப் பிள்ளைக்கு அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவனுக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மனைவி, தூக்குகிற வயசு தாண்டிப்போன பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அவன் நேரே மச்சானிடம் போனான். ஃபேக்டரி வாசலில் மரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையும் மாலையும் ஒரு மூச்சு கோஷம், மற்ற நேரத்தில் சீட்டாட்டம், அதுதான் போராட்டத்தின் அன்றாட நடப்பு. மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னான்.

"ஒரு மணி நேரம் மச்சான். ஐஸ் போட வேணாம், சும்மா ஓடவிட்டு நிறுத்திடறேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

மச்சான் அவனையே பார்த்தார். "மாப்ளே, நீ என்ன பேசறேன்னு உனக்குப் புரியுதா? மெஷின் சத்தம் கேட்டா முதலாளி என்ன நினைப்பான்? பசங்க பணிஞ்சுட்டாங்கன்னு நினைப்பான். ஆஸ்பத்திரி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்? தொட்டிக்காரன் படுக்கையில இருந்துக்கிட்டே கேப்பான். அவன்கிட்ட போய் நீ சொல்லுவியா, என் பொண்ணு நடக்கறதுக்காக ஓட்டினேன்னு?"

"அவளை ரயில் ஏத்திடுவாங்க மச்சான்."

"எனக்கு மட்டும் அவ யாரு, ரோட்ல போற பிள்ளையா? என் தங்கச்சி பொண்ணுடா அவ" என்றார். "மெஷின் மேல மட்டும் கை வைக்காதே. வேற என்ன வேணும்னாலும் கேளு."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். மரத்தடியில் அந்தி நேரத்துக் கோஷம் ஆரம்பித்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "மாஸ்க்கு குடு, மாஸ்க்கு குடு." "மூச்சு முட்டுது, மாஸ்க்கு குடு." எதிரே இருந்த சுவரெல்லாம் அதிர்ந்தது. அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். மச்சானும் அதே நொடியில் அவனைப் பார்த்தார்.

"தெரு எப்பவும் போல இருக்கணும்னுதானே அந்த டீச்சர் சொன்னாங்க?" என்றார் மச்சான். "நாங்க தினமும்தானே கத்தறோம். நாளைக்குக் கொஞ்சம் நேரம் கூடக் கத்தறோம். தொண்டையா தேஞ்சுபோகும்?"

சீட்டாட்டத்தைக் கலைத்துவிட்டு அப்போதே ஒத்திகை பார்த்தார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெண்ணைத் தூக்கி வந்து சந்து முனையில் நிறுத்தினான். அவள் தலையைச் சாய்த்தாள். அழுது வீங்கிய முகம் மெல்ல மலர்ந்தது. திரும்பினாள், சத்தத்தை முதுகில் வாங்கினாள், கோடு போட்டாற்போல் நடந்து எதிர்ச் சந்துக்குள் நுழைந்தாள். மரத்தடியில் இருந்தவர்கள் கோஷத்தை மறந்து விசில் அடித்தார்கள்.

"அப்பா, இது பழைய வடக்கு மாதிரி இல்லை. இந்த வடக்குக்கு மூச்சு முட்டுது" என்று சிரித்தாள் எறும்பு. மனைவிகூடச் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

விடிந்தது. அதே அழுக்கு வானம். டீச்சர் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார், ஒடிசலான, அதிர்ந்து பேசாத பெண்மணி. "பஸ் ஸ்டாப்ல ஒரு இரும்புக் கம்பம் இருக்கும்மா. அதைக் குச்சியால தட்டினா முடிஞ்சது. நான் பின்னால தள்ளி வருவேன். எதுவும் சொல்ல மாட்டேன்" என்று பெண்ணிடம் சொன்னார். மனைவி தன் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கையைச் சும்மா வைத்திருந்தால் எழுந்து பின்னாலேயே ஓடிவிடுவேன் என்று அவளுக்கே பயம்.

அவன் ஃபேக்டரி வாசலுக்கு ஓடினான். மரத்தடி காலி.

ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஆபீஸ் கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போன மச்சான் இவனைப் பார்த்துவிட்டுக் கேட் அருகே வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"முதலாளியே வந்திருக்கான் மாப்ளே. பேசலாம்னு கூப்பிட்டான். வாசல்ல சத்தம் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான். சத்தம் கேட்டா எழுந்து போயிடுவானாம். நான் என்ன செய்ய? இத்தனை பேர் மூச்சு இதுல இருக்கு."

"இப்போ அவ கிளம்பிட்டா மச்சான்."

மச்சான் திரும்பிப் போய்விட்டார்.

உலகத்தில் அவ்வளவு அமைதியை அவன் கேட்டதே இல்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் சந்துக்குள்ளே குச்சி சுவரைத் தட்டிக்கொண்டு வருவது கேட்டது. டக், டக், டக். சந்து முடியப்போகிறது. சுவர் முடியும் இடத்தில் அவள் நிற்பாள், தலையைச் சாய்ப்பாள், அவள் காதில் ஒன்றும் விழாது. அதற்கப்புறம் குழாயடி. அதற்கப்புறம் ரயில். அவன் கால்சட்டைப் பையில் மெஷின் ரூம் சாவி கனத்தது. கொல்லைப்பக்கக் கதவு வழியாகப் போனால் யாருக்கும் தெரியாது. சாவியை எடுத்தான். எடுத்த கையைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் தொட்டிக்காரரின் மனைவி இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதாள். சாவியைத் திரும்பப் பைக்குள் திணித்தான். திணித்துவிட்டு, மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினான்.

"மாஸ்க்கு குடு, மாஸ்க்கு குடு."

வாங்கிச் சொல்ல ஆள் இல்லை. அதையும் அவனே சொன்னான். "மூச்சு முட்டுது, மாஸ்க்கு குடு." பின்பாட்டு மட்டுமே பாடிப் பழகியவன். முன்பாட்டும் பின்பாட்டும் ஒரே தொண்டையில் சேர்ந்து நாராசமாக வந்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் கத்தினான். முந்தின நாள் கத்தியதிலேயே தொண்டை புண்ணாகிக் கிடந்தது, நாலைந்து தடவைக்குள் கிழிய ஆரம்பித்தது.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. மச்சான் பாய்ந்து வந்தார். "டேய், உனக்கு அறிவிருக்கா? அவன் எழுந்துட்டான்டா. எல்லாத்தையும் கெடுத்துடுவே போலிருக்கே" என்று கேட்டின் கம்பி வழியாகக் கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்தார்.

அவன் கத்துவதை நிறுத்தவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினான். மச்சான் பார்த்தார். மைதானத்தின் அந்த ஓரத்தில், சுவர் முடிந்த இடத்தில், ஒரு சின்னப் பெண் குச்சியைத் தரையில் ஊன்றித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மச்சானின் பிடி தளர்ந்தது. கொட்டகைக்குத் திரும்பிப் போனார். "அவன் ஒருத்தன் கத்தட்டும் சார். அது சங்கத்து விஷயம் இல்லை, எங்க வீட்டு விஷயம். நீங்க உக்காருங்க" என்று அவர் உள்ளே சொன்னது வெளியே கேட்டது. முதலாளி உட்கார்ந்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பெண் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பவேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

திருப்பத்தில் தவறிவிட்டாள், சரிசெய்துகொள்வாள் என்று அவன் நினைத்தான். அவள் சரிசெய்துகொள்ளவில்லை. முகத்தை நேராக அவன் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வடக்கே. தெற்கே போகவேண்டியவள் வடக்கே வந்துகொண்டிருந்தாள். பின்னால் தள்ளி வந்த டீச்சர் ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தார். 'அந்தப் பக்கம் போடா, அந்தப் பக்கம்' என்று அவன் உள்ளுக்குள் அலறினான். வாய் "மாஸ்க்கு குடு" என்றது.

அப்போதுதான் லாரி வந்தது. ஃபேக்டரிக்குள் மிச்சமிருந்த ஐஸ் உருகுவதற்குள் ஏற்றிக்கொண்டு போக வந்த லாரி, மைதானத்துக்கும் கேட்டுக்கும் நடுவே இருக்கும் லாரிப் பாதையில் பின்னோக்கி வந்தது. அந்தப் பாதையை மட்டும் தாண்டவே கூடாது என்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது அதை நோக்கித்தான் வருகிறாள். அவன் கத்துவதை நிறுத்தினால் பாதையின் நடுவில் திக்குத் தெரியாமல் நிற்பாள். கத்தினால் லாரிக்கு நேராக வருவாள். ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது. "நிறுத்துங்க" என்று டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். டிரைவர் கண்ணாடியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதையின் விளிம்பில் குச்சி கல்லில் முட்டியது. அவள் நின்றாள். தலையைச் சாய்த்தாள். லாரியின் டயர் மண்ணை அரைத்துக்கொண்டு அவள் முன்னால் கடந்து போயிற்று. அவன் குரல் அப்போது உடைந்தது. கோஷத்தில் இருந்த சொற்களெல்லாம் போய், வெறும் அழுகை மட்டும் வந்தது. அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு, லாரியின் சத்தம் தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து, எறும்பு பாதையைத் தாண்டினாள். குச்சி அவன் செருப்பில் வந்து தட்டியது. அவள் கையை நீட்டி அவன் வயிற்றைத் தொட்டாள்.

"யாராவது அடிச்சாங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டியது அவளுக்குத் தெரியாது என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பேச வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

டீச்சர் மூச்சு வாங்க வந்து நின்றார். "நீ தெற்கே போயிருக்கணும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தெற்கு எதுன்னு தெரியும் டீச்சர்" என்றாள் அவள். பிறகு அப்பாவின் பக்கம் முகத்தைத் தூக்கினாள். "நீ இங்க தனியா அழுதுட்டு இருக்கே. நான் எப்படிப்பா தெற்கே போறது?"

கொட்டகைக்குள் யாரோ இருமினார்கள். குழாயடியில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் லாரிப் பாதையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பெண்ணைப் பார்த்தார்.

"டீச்சர், இங்கேயிருந்து போனா செல்லுமா?" என்று கேட்டாள் எறும்பு.

"செல்லும்" என்றார் டீச்சர். "பஸ் ஸ்டாப் வரைக்கும் நீயே போகணும். ஆனா இனி இங்கே யாரும் ஒரு சத்தம் போடக் கூடாது." கடைசி வார்த்தையை அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் நினைத்தாலும் போட முடியாது, தொண்டையில் ஒன்றுமே மிச்சமில்லை.

அவள் கேட்டைத் தடவிப் பார்த்தாள். "இது ஃபேக்டரி கேட்டுதானே? அப்போ இதுதான் வடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தோளும் குதிகாலும் கேட்டின் கம்பிகளில் ஒட்டும்படி முதுகைச் சாய்த்து நின்றாள். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, முதுகைப் பிரித்துக்கொண்டு நேராக நடந்தாள். லாரிப் பாதையில் நின்று கேட்டாள், தாண்டினாள். வெட்டவெளியில் இறங்கினாள்.

பாதி மைதானம் வரைக்கும் சரியாகத்தான் போனாள். பிறகு கால் கிழக்கே சாய்ந்தது. அதே பழைய வளைவு, அதே குழாயடி. குடத்தோடு நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவன் தன் கையை வாயில் திணித்துக் கடித்தான்.

அவள் நின்றாள். தலையைச் சாய்த்தாள். என்ன கேட்கிறாள், கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவன் தவித்தான். அப்புறம்தான் அவனுக்கும் கேட்டது. மேற்கே, சந்துக்குள்ளிருந்து, கடகடவென்று தையல் மெஷின். விட்டு விட்டு, பிறகு விடாமல். எவளோ ஒருத்தியின் பையை ஒரு தாய் வெறிபிடித்தாற்போல் தைத்துக்கொண்டிருந்தாள். தெரு எப்பவும் போலத்தான் இருந்தது, யாரும் எதையும் புதிதாகக் கட்டி வைக்கவில்லை. இத்தனை வருஷமும் அவன் மெஷின் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டிருந்தது.

எறும்பு சோறு சாப்பிடுகிற கையைத் தூக்கி அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டினாள். நீட்டியபடியே உடம்பைத் திருப்பிச் சரிசெய்துகொண்டாள். நடந்தாள். குச்சி எதிர்ச்சுவரில் பட்டது. சுவரைத் தட்டிக்கொண்டே போய்ச் சந்துக்குள் மறைந்தாள். டீச்சர் பின்னாலேயே மறைந்தார்.

இனி கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பேச்சு முடிந்ததா முறிந்ததா என்று தெரியாது. மச்சான் எப்போது வந்தாரோ, கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. வழியில் விழுந்துவிட்டாளோ, சந்து முடிந்து ரோட்டில் இறங்கிவிட்டாளோ என்று என்னென்னவோ தோன்றியது.

டங் என்று தூரத்தில் இரும்பு ஒலித்தது.

அவன் அப்படியே கேட்டடியில் உட்கார்ந்தான். மச்சான் கம்பி வழியாகக் கையை விட்டு அவன் தலைமேல் வைத்தார். கம்பத்தை ஒரு தடவை தட்டினால் போதும் என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டாவது தடவையும் கேட்டது, மூன்றாவதும் கேட்டது, அப்புறம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா வடக்கில் தனியாக இருக்கிறார், அவருக்குக் கேட்கட்டும் என்று அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.